பச்சியப்பனின் நான்கு வீடுகள்

பிரபாகருக்கு விற்கத் தெரியும். மருந்துக் கடை, உரக்கடை, நகைக் கடை, தனியார் ஆஸ்பத்திரி என்று தர்மபுரிக்கும் அரூருக்கும் இடையில் கல்லாப்பெட்டி இருக்கிற இடமெல்லாம் அவன் பைக் நின்றிருக்கிறது. பெங்களூர் கம்பெனி ஒன்றின் பில்லிங் சாஃப்ட்வேரை எட்டு வருஷமாக விற்கிறான். "எங்களுக்கு நோட்டே போதுமுங்க" என்று கடைக்காரர் சொல்லி முடிப்பதற்குள் லேப்டாப்பைத் திறந்து, அந்தக் கடையின் பெயரையே மேலே போட்டு ஒரு பில் அடித்துக் காட்டிவிடுவான். தன் கடைப் பெயரை அச்சில் பார்த்த பிறகு வேண்டாம் என்றவர்கள் குறைவு.

சொந்த ஊர் கடத்தூருக்குப் பக்கம். அப்பா சென்றாயன் அங்கே மரவள்ளியும் மஞ்சளும் போடுகிறார். தர்மபுரி ஒட்டப்பட்டியில் அவர் கட்டிய வீட்டின் கீழ்த்தளத்தில் பிரபாகரும், மனைவி பிரியதர்ஷினியும், ஐந்து வயது மகளும் குடியிருந்தார்கள். மாடியில் புதிதாக இரண்டு போர்ஷன் எழுந்து, பெயின்ட் வாசம் போகாமல் பூட்டிக் கிடந்தது.

வாடகை வீட்டுத் தொழில் பற்றிய யோசனை அவனுக்குக் கடைகளில்தான் வந்தது. சாஃப்ட்வேர் பேச்சு முடிந்ததும் யாராவது கேட்பார்கள்: "தம்பி, நாலு எடம் போறவரு நீங்க. எங்க பார்மசிக்குச் சேலத்துல இருந்து ஒரு பொண்ணு வருது. வாடகைக்கு வூடு இருந்தாச் சொல்லுங்களேன்." அடுத்த தெருவில் இன்னொருவர், "மேல் போர்ஷன் ஆறு மாசமாச் சும்மா கெடக்குது, நல்ல ஆளா இருந்தா அனுப்பு" என்பார். இரண்டு பேரையும் சேர்த்து வைக்க ஊரில் ஆளில்லை. இருந்த புரோக்கர்களும் வீட்டைக் காட்டுவதற்கு முன்னாலேயே கையை நீட்டினார்கள்.

கல்லூரித் தோழன் குரு பெங்களூரில் புரோகிராமராக இருந்தான். சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து அவன் ஒரு செயலி எழுதிக் கொடுத்தான். அதற்குப் பிரபாகர் வைத்த பெயர் 'குடிவா'. பிரியதர்ஷினி கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"என்னங்க, பார் தொறக்கப் போறீங்கன்னு நெனைக்கப் போறாங்க."

அவள் சொன்னது சரிதான். முதல் வாரத்திலேயே ஒருவர் போன் செய்து, வீட்டுக்கே கொண்டுவந்து தருவீர்களா என்று விசாரித்தார். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. வார நாட்களில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் வீடுவீடாகப் போய்ப் படம் எடுப்பது என்று பிரபாகர் ஓடினான். மூன்று மாதத்தில் செயலியில் எழுபது வீடுகள் ஏறின.

வீட்டுக்காரர்கள் நிரப்ப வேண்டிய படிவத்தில் கடைசிக் கட்டம், 'எப்படிப்பட்டவர்களுக்கு?' என்பது. குடும்பம், தனியாள், சைவம் என்று தேர்வுகள் இருந்தன. கீழே 'மற்றவை' என்று ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்தில்தான் வீட்டுக்காரர்கள் தங்கள் மனதைத் திறந்தார்கள். 'நம்ம ஆளுங்க மட்டும்' என்று சிலர் நேராகவே எழுதினார்கள். சிலர் 'நேரில் பேசவும்' என்று எழுதினார்கள். அதற்கும் அர்த்தம் அதுதான். பிரபாகருக்கு அது உறுத்தவில்லை. வாடிக்கையாளருக்கு எது வேண்டுமோ அதைக் கொடுக்க வேண்டும் என்றுதான் எட்டு வருஷமாகப் படித்திருந்தான்.

மேனகா அவனுடைய கம்பெனியில் அவனுக்கு இரண்டாண்டு பின்னால் சேர்ந்தவள். வத்தல்மலைக்காரி, மலைவாழ் பழங்குடிக் குடும்பம். அப்பா பொன்னன் மலையில் கேழ்வரகும் சாமையும் விதைப்பவர். அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தது பிரபாகர்தான். "மூணு நிமிஷத்துக்குள்ள லேப்டாப்பத் தொறந்துரு, யோசிக்க நேரம் குடுக்காத" என்று சொல்லிக் கொடுத்தான். அவளோ கடைக்காரரின் பேரன் படிப்பு, போன வருஷம் சரக்கு கெட்டுப்போன கதை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இருபதாவது நிமிஷம் திறந்தாள். அப்படியும் விற்றாள். அப்போது அவனுக்கு அதில் பெருமைதான். "நான் கத்துக்குடுத்த பொண்ணு" என்று எல்லோரிடமும் சொல்வான்.

அவளுடைய அம்மா செல்லிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. மாதக்கணக்கில் டவுனில் இருந்து பிசியோதெரபி செய்ய வேண்டியிருந்தது. மேனகாவுக்குத் தரைத்தளத்தில் ஒரு வீடு தேவைப்பட்டது. பிரபாகரே ஒன்பது வீடுகளுக்குக் கூட்டிப்போனான். ஒன்பது வாசலிலும் தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள், "சொந்த ஊரு எதும்மா?" என்றார்கள்.

"வத்தல்மலைங்க."

"அப்படியா. அவருகிட்டக் கேட்டுட்டுப் போன் பண்றேன்மா."

ஒருவரும் போன் செய்யவில்லை. பத்தாவதாக இலக்கியம்பட்டியில், ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் நிர்மலாதேவி, "தண்ணி காலைல ஏழு மணிக்குத்தான் வரும், பரவால்லியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மேனகா ஞாயிற்றுக்கிழமைகளில் குடிவாவுக்கு வேலை செய்ய வந்தாள். சம்பளம் எதுவும் கேட்கவில்லை. அவள் வந்த பிறகு வீடுகள் வேகமாக நிரம்பின. குடிவருபவரின் விவரத்தைச் செயலியில் அனுப்புவதோடு விடாமல், அவரைக் கையோடு கூட்டிப்போய், "இவங்க இன்ன ஊரு, இன்ன வேலைங்க. ஏதாச்சும்னா எனக்குப் போன் பண்ணுங்க, நான் பொறுப்பு" என்று வீட்டுக்காரர் முன்னால் நின்றாள். ஒருநாள் பிரபாகரிடம் கேட்டாள்:

"ண்ணா, அந்தக் கடைசிக் கட்டத்த எடுத்துரலாமுங்களா?"

"எடுத்தா ஓனருங்க எல்லாம் ஓடிருவாங்க மேனகா."

"பாதிப் பேருதான் ஓடுவாங்க. மீதிப் பாதி, கேட்டதால எழுதனவங்க. கேக்கலன்னா எழுத மாட்டாங்க."

"மொதல்ல தொழில் நிக்கட்டும்" என்று பேச்சை முடித்துவிட்டான்.

அந்த வருஷம் மார்கழியில் சேலத்தில் புதிய தொழில் தொடங்குபவர்களுக்கு ஒரு போட்டி நடந்தது. பிரபாகர் புதுச் சட்டை வாங்கினான். எட்டு நிமிஷம் பேசினான், நன்றாகவே பேசினான். மேடைக்குக் கீழே இருந்த நடுவர் அம்மாள் ஒருவர் கேட்டார்: "வாடகைக்குத் தர மாட்டேன்னு ஓனர் சொன்னா உங்க ஆப் என்ன பண்ணும்?"

பிரபாகர் ஃபில்டர் பற்றி ஏதோ சொன்னான். அவர் மறுபடியும் அதையே கேட்டார். அவன் ஸ்லைடை முன்னும் பின்னும் தள்ளினான். அப்போது பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மேனகா, "நான் சொல்லலாமுங்களா?" என்று எழுந்தாள். ஒன்பது வாசல்களில் தண்ணீர் குடித்த கதையைச் சொன்னாள். அழவில்லை, குரல் உயரவில்லை. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பிறகு சிரித்தவர்களே முன்னால் சாய்ந்து கேட்டார்கள். முடித்தபோது கைதட்டல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

இரண்டாம் பரிசு குடிவாவுக்குக் கிடைத்தது. மறுநாள் பேப்பரில் மேனகாவின் படம் மட்டும் வந்தது. 'வாடகை வீட்டுக்கு வழி காட்டும் மலைக் கிராமப் பெண்' என்று தலைப்பு. பிரபாகரின் பெயர் நாலாவது வரியில், எழுத்துப் பிழையோடு இருந்தது.

ஒட்டப்பட்டி டீக்கடையில், "உங்க கம்பெனிப் பொண்ணாமே? பரவால்லியே!" என்றார்கள். அப்பா கடத்தூரிலிருந்து போன் செய்து, "டேய், ஆப்பு அந்தப் புள்ளையோடதா? நீ ஒன்னுதுன்னு சொன்னியே" என்றார். திங்கட்கிழமை வீடியோ மீட்டிங்கில் மேனேஜர் மேனகாவை வாழ்த்திவிட்டு, அந்த மாதம் டார்கெட்டை முதலில் தொட்டதும் அவள்தான் என்றார். பிரபாகர் கேமராவை அணைத்துவிட்டுக் கைதட்டும் பொம்மையை மட்டும் அனுப்பினான்.

அடுத்த வாரம் குடிவாவின் வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து மேனகாவின் எண் நீக்கப்பட்டிருந்தது. அவள் என்னவென்று கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் கூப்பிடுவானா என்று பார்த்துவிட்டு, வருவதை நிறுத்திக்கொண்டாள்.

நிறுத்திய இரண்டாம் மாதத்தில் அவளே சொந்தமாகத் தொடங்கிவிட்டாள். அவள் தொழிலுக்குப் பெயரும் இல்லை, செயலியும் இல்லை, ஒரு போன் நம்பர்தான் இருந்தது. காலி வீட்டைத் தன் பேரிலேயே ஒப்பந்தம் போட்டு எடுப்பாள். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாடகை மாதம் ஐந்தாம் தேதிக்குள் வீட்டுக்காரருக்குப் போய்விடும். யாரை வைப்பது என்பது அவள் பொறுப்பு. வாடகை தவறாமல் வருகிறது என்றதும், முன்பு போன் செய்யாதவர்களில் இரண்டு பேர் இப்போது அவர்களாகவே அவளைக் கூப்பிட்டார்கள்.

பிரபாகரால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மேனகாவின் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸைக் காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் பார்த்தான். எந்தத் தெருவில் எந்த வீடு என்று படத்தின் பின்னால் தெரியும் மரத்தையும் கேட்டையும் வைத்துக் கண்டுபிடித்தான். ஒருமுறை புது சிம் போட்டு, குரலை மாற்றி, வீடு தேடுபவனைப் போல அவளுக்கே போன் செய்தான். வயதான அம்மாவோடு வருவதாகப் பொய் சொன்னான்.

"அம்மாவுக்குப் படி ஏற முடியுமாங்க? பாத்ரூம் மேடா இருந்தா ஆகுங்களா? கோயில் பக்கத்துல இருந்தா அவங்களுக்குப் பொழுது போகுமில்லைங்களா?" என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். அவனுடைய படிவத்தில் இந்தக் கேள்விகள் ஒன்றுகூட இல்லை. பத்து நிமிஷம் பேசிவிட்டு, இல்லாத அம்மாவின் மூட்டுவலிக்கு அவள் சொன்ன டாக்டர் பெயரையும் கேட்டுக்கொண்டு போனை வைத்தான். அன்று முழுக்க எல்லோரிடமும் எரிந்து விழுந்தான்.

பச்சியப்பன் பென்னாகரம் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். அவர் கடையில் ஓடுவது பிரபாகர் விற்ற சாஃப்ட்வேர். அன்னசாகரத்தில் நான்கு போர்ஷன் கொண்ட புதுக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார். அதைக் குடிவாவில் ஏற்ற எட்டு மாதமாகப் பிரபாகர் அலைந்தான். "முடியட்டும் தம்பி, பாக்கலாம்" என்பார். ஆடி முடிகிற சமயத்தில் ஒருநாள் கடைக்குப் போனபோது பச்சியப்பன் மகிழ்ச்சியாக இருந்தார்.

"வூடு நாலும் குடுத்தாச்சு தம்பி. உங்க மேனகா பொண்ணுக்குத்தான். ஆவணி பத்தாந்தேதி பால் காய்ச்சறாங்க. என்னா பொறுப்பான பொண்ணு!"

பிரபாகர் பிரிண்டரின் பேப்பரைச் சரி செய்வது போலக் குனிந்தான். முகம் சரியான பிறகு நிமிர்ந்தான்.

"நல்ல பொண்ணுதாங்கண்ணா. ஆனா உள்ள வைக்கற ஆளுங்க யாருன்னு ஒரு வார்த்த கேட்டுக்குங்க. மலையில இருந்து, அங்கிருந்து இங்கிருந்துன்னு எல்லாத்தையும் சேத்துருவா. உங்க பொண்ணுக்கும் மாப்பிள பாத்துட்டிருக்கீங்க. வர்றவங்க நாலு விதமாப் பேசுவாங்க. எனக்கென்னங்க, பழகன தோஷத்துக்குச் சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னான். பச்சியப்பன் ஆணிப் பெட்டியை மூடித் திறந்தார். பைக்கைக் கிளப்பும்போது பிரபாகருக்கு ஒரு பெரிய ஆர்டரை முடித்த நாளின் லேசான உணர்வு இருந்தது.

ஆவணி பத்தாம் தேதி காலை ஒரு கிளையன்ட்டைப் பார்க்கப் போகிறவன் போல அன்னசாகரம் வழியாகப் போனான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பச்சியப்பனின் கேட் பூட்டியிருந்தது. முன்னால் இரண்டு மினி லாரிகள். ஒன்றிலிருந்து சாமான் இறங்கியிருந்தது. இன்னொன்றின் டிரைவர் இறக்கவா வேண்டாமா என்று கத்திக்கொண்டிருந்தான். நான்கு குடும்பங்கள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் சாலம்மாளும் அவள் இரண்டு மகள்களும், கிரானைட் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த மேனகாவின் பெரியப்பா மகன் முருகேஷின் குடும்பம், ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் குமாரின் மனைவியும் காலேஜில் படிக்கும் பெண்ணும், வெளியூரிலிருந்து வந்த இரண்டு நர்ஸ்கள். பால் காய்ச்சக் கொண்டுவந்த புதுப் பாத்திரத்தைச் சாலம்மாள் மழை படாமல் முந்தானையால் மூடி வைத்திருந்தாள். முந்தின நாள் சாயங்காலம்தான் பச்சியப்பன் போனில் முடியாது என்றிருந்தார். பழைய வீடுகளை எல்லோரும் காலி செய்துவிட்டார்கள்.

பிரபாகருக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை அவன் பின்னால் மனைவியிடமும் மறைக்கவில்லை. மேனகாவின் தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. யாரிடமோ போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் கெஞ்சி அவன் பார்த்ததே இல்லை. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று வண்டியை நிறுத்தினான். அதற்குள் அவள் அவனைப் பார்த்துவிட்டாள். ஓடி வந்தாள்.

"ண்ணா, நல்ல நேரத்துல வந்தீங்க! உங்க ஆப்புல காலி வூடு எத்தன இருக்குதுங்க? பத்து நாளைக்கு மட்டும். நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்."

அவன் போனை எடுத்தான். காலியாகப் பதினொரு வீடுகள் இருந்தன. மழையில் நின்றபடி ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். "யாரு, எந்த ஊரு ஆளுங்க தம்பி?" என்று முதலாமவர் கேட்டார். இரண்டாமவரும் அதையே கேட்டார். மூன்றாமவரிடம் அவனே முந்திக்கொண்டு, "நல்ல ஆளுங்கங்க, நான் பொறுப்பு" என்றான். "நீங்க படிவத்துல நான் எழுதனதப் பாக்கலீங்களா?" என்றார் அவர். ஏழாவது போனுக்குப் பிறகு அவனால் கூப்பிட முடியவில்லை. மேனகா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சாலம்மாளின் சின்ன மகள் பள்ளிச் சீருடையில் இருந்தாள். நேரமாகிவிட்டது என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்க மாடியில ரெண்டு போர்ஷன் இருக்குது. லாரிய ஒட்டப்பட்டிக்கு விடச் சொல்லு" என்றான் பிரபாகர். பரிதாபத்தில் சொன்னானா, விஷயம் வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் சொன்னானா என்பது அவனுக்கே தெளிவாகவில்லை.

இரண்டு போர்ஷனில் நான்கு குடும்பம் நெருக்கிக்கொண்டு ஏறியது. பிரியதர்ஷினி கீழே இருந்து குடத்தில் தண்ணீர் கொடுத்தாள், பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் சென்றாயன் கடத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்.

"யாரக் கேட்டு வெச்ச? பேங்க் மேனேஜருக்குன்னு வெச்சிருந்த வூடுடா அது!"

"வெச்சாச்சுப்பா. எறக்க முடியாது."

"ஊருல நான் தல காட்டணும்."

"அப்ப என்னையும் சேத்து வெளிய அனுப்புங்க."

அப்பாவிடம் அவன் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. சென்றாயன் சாப்பிடாமலே திரும்பிப் போனார். ஐந்து மாதம் போன் பேசவில்லை.

அப்பா போன பிறகு, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பிரியதர்ஷினியின் முன்னால் உட்கார்ந்து, பச்சியப்பனிடம் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொண்ணு மேல உங்களுக்கு வயித்தெரிச்சல்னு பேப்பர்ல படம் வந்த அன்னைக்கே தெரியும். இவ்வளவு தூரம் போவீங்கன்னு தெரியல."

"என்னா பண்ணட்டும்?"

"எங்கிட்டச் சொல்லி என்னாங்க ஆகுது? அவகிட்டப் போய்ச் சொல்லுங்க."

மறுநாள் இலக்கியம்பட்டிக்குப் போனான். மேனகா வாசலில் அம்மாவை நடக்கவைத்துக்கொண்டிருந்தாள். அவன் பாதி சொல்வதற்குள்ளேயே, "தெரியுமுங்க சார்" என்றாள்.

அவள் அவனைச் சார் என்று கூப்பிட்டதே இல்லை. "எப்பத் தெரியும்?" என்று கேட்டான்.

"உங்க மாடிக்கு வந்த அன்னைக்குச் சாயந்தரமே. பச்சியப்பன் ஐயா பொண்ணுதான் போன் பண்ணி அழுதா. அவ கல்யாணத்தச் சாக்கா வெச்சு இப்படிப் பண்ணிட்டாங்கன்னு."

"தெரிஞ்சுமா எங்க மாடியில விட்டு வெச்ச?"

"அவங்களுக்கு வூடு வேணுமில்லைங்களா. என் கோவத்துக்கு அவங்க ஏன் ரோட்டுல நிக்கணும்?" செல்லியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பினாள். "மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கு வரலீங்க. மாடிக்கு அக்ரிமென்ட் எழுதிக்கலாம். பழக்கத்துல வேணாம்."

இரண்டு குடும்பங்கள் அந்த மாதமே வேறு இடம் போயின. சாலம்மாளும் முருகேஷும் மாடியிலேயே தங்கினார்கள். குடிவாவின் படிவத்திலிருந்து கடைசிக் கட்டத்தைப் பிரபாகர் எடுத்துவிட்டான். மேனகா சொன்னது போலப் பாதிப் பேர்தான் விலகினார்கள். ஆனால் மீதியை நடத்த அவனுக்கு மனம் ஓடவில்லை. பொங்கலுக்குப் பிறகு செயலியை மூடினான். மிச்சமிருந்த வீட்டுக்காரர்களின் எண்களை மேனகாவுக்கு அனுப்பினான். 'நன்றி சார்' என்று ஒரு வரி வந்தது.

பங்குனியில் மேனகா கம்பெனி வேலையை விட்டுவிட்டு, தர்மபுரி நான்கு ரோடு சந்திப்புக்குப் பக்கத்தில் இரண்டு அறை எடுத்து அலுவலகம் போட்டாள். ஒப்பந்தங்களையும் வரிக் கணக்கையும் பார்க்க ஆள் தேவைப்பட்டபோது நேராக ஒட்டப்பட்டிக்கு வந்து, பி.காம். படித்திருந்த பிரியதர்ஷினியைக் கேட்டாள். பிரபாகர் உள்ளறையில் இருந்தான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

இப்போது சாயங்காலம் பிரியதர்ஷினி வந்ததும் அலுவலகக் கதைதான். "இன்னைக்கு மேனகா ஒரு ஓனரச் சமாளிச்சா பாருங்க..." என்று தொடங்குவாள். அவன் சிரித்துக்கொண்டே கேட்பான். அவளைத் தடுக்கவும் தோன்றும், அடுத்து என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளவும் தோன்றும். டிபன் பாக்ஸைக் கழுவும் சாக்கில் எழுந்து போய்விட்டு, அங்கிருந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். போன வருஷம் கம்பெனியில் அவனுக்குப் பதவி உயர்வு வந்தது. அந்தச் சந்தோஷம், மேனகா பென்னாகரத்திலும் தொடங்கப்போகிறாள் என்று கேள்விப்பட்ட அன்றோடு தீர்ந்தது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியதர்ஷினியின் ஸ்கூட்டர் பஞ்சர். பென்னாகரத்தில் ஒரு வீட்டைப் பார்க்க வேண்டும், மேனகா முன்னாலேயே போய்விட்டாள், கொண்டுபோய் விடுங்கள் என்றாள். கொண்டுபோய் விட்டான். அவள் உள்ளே போனதும் புளிய மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றான். திறந்த ஜன்னலில் மூன்று பேரும் தெரிந்தார்கள். மேனகா ஏதோ சொன்னாள்; வீட்டுக்கார அம்மாள் குள்ளம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்; பிரியதர்ஷினியும் சிரித்தாள். என்ன சொல்லியிருப்பாள் என்று பிரபாகர் நினைத்துப் பார்த்தான். தன்னால் அந்த அம்மாளை அப்படிச் சிரிக்கவைத்திருக்க முடியுமா என்றும் நினைத்துப் பார்த்தான். நெஞ்சுக்குள் அந்தப் பழைய காந்தல் இருந்தது.

குள்ளம்மாள் வெளியே வந்து மோர் டம்ளரை நீட்டினாள். "வெய்யில் நேரத்துல வெளியவே நிக்கறீங்களே தம்பி. நீங்களும் இவங்க கூட இந்த வேலையில இருக்கறீங்களா?"

"இல்லீங்க" என்றான் பிரபாகர். "நான் சாஃப்ட்வேர் விக்கறேனுங்க. இது அவங்க தொழில்."

மோரைக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான். உள்ளே இன்னும் நேரமாகும் போலிருந்தது. வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.